ஸ்டூலும் பாயும் பெஞ்சும்: மன ஆலோசனையில் உட்காரும் இடம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் பேருந்து, காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளியில் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரில் பலர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இந்த வளைவுகளை இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்துதான் நாமக்கல் போகிறார்கள். காய்ச்சல் என்றாலும் அந்தப் பாதைதான். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றாலும் அந்தப் பாதைதான். இவ்வளவு தூரம் வந்து, சீட்டுப் போட்டு, வரிசையில் காத்திருந்து உள்ளே நுழைபவரின் காதில் முதலில் விழுவது 'உக்காருங்க' என்பது. எங்கே உட்கார விருப்பம் என்று எவரும் கேட்பதில்லை. இடம் முன்பே முடிவாகியிருக்கிறது.

மன ஆலோசனைக்கு வருபவர் எங்கே உட்காருகிறார், ஏன் அங்கே உட்காருகிறார் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உள்ளவர்களில் 100க்கு 85 பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்று கண்டது. மீதிப் பதினைந்து பேரில் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார். முதல் சில நிமிடங்களில் அவருக்கு வாய் திறக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயம். அதைத் தீர்மானிப்பவற்றில் உட்காரும் இடமும் ஒன்று என்பதே என் வாதம்.

நம் அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் அறையை எடுத்துக்கொள்வோம். இரும்பு மேசை, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் மருந்துக் கம்பெனி நாள்காட்டி. மேசையின் பக்கவாட்டில், மருத்துவரின் முழங்கைக்கு அருகே, ஒரு ஸ்டூல். உட்காரும் வட்டப் பலகையில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும். முதுகு சாயவோ கைகளை வைக்கவோ இடம் கிடையாது. ஸ்டூல் அங்கே இருப்பதற்குக் காரணம் ஸ்டெதஸ்கோப். மருத்துவரின் கை எட்டும் தொலைவில் நோயாளியின் நெஞ்சும் மணிக்கட்டும் இருக்க வேண்டும். உடலைப் பார்க்க ஏற்பட்ட இருக்கை அது. 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. பிந்தையதில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் சேர்ந்தது திருச்சி மாவட்டம். மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் வரத் தொடங்கியபோது, அன்றைக்குக் காலியாக இருந்த அறையும் அதிலிருந்த ஸ்டூலுமே அவருக்கும் கிடைத்தன. மனதைப் பற்றிப் பேச வந்தவரும் மருத்துவரின் கைக்கு எட்டும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. ஸ்டூல் மேசையின் மூலையில் இருப்பதால் மருத்துவரும் நோயாளியும் நேருக்கு நேர் இருப்பதில்லை. இருவருக்கும் நடுவே மேசை முழுமையாகக் குறுக்கிடுவதுமில்லை. இந்த மூலைக்கோணத்தைப் பற்றி மேற்கில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1950களில் கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்தில், வேபர்ன் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் சோமர், முதியோர் வார்டில் நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாக வரிசையாக இருப்பதைக் கவனித்தார். அருகருகே இருந்தும் யாரும் யாரோடும் பேசவில்லை. நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டபோது பேச்சு கணிசமாகக் கூடியது. உணவு மேசையில் அவர் கண்டது இன்னொன்று: எதிரெதிரே இருப்பவர்களைவிட, மேசை மூலையின் இருபுறமும் இருப்பவர்கள் அதிகம் பேசிக்கொண்டார்கள். 1970இல் ஹாசி, டிமாட்டியா என்ற இரு ஆய்வாளர்கள் ஆலோசனைக்கு வருபவர்களின் விருப்பத்தை அளந்தபோதும் மேசை மூலையே முன்னால் வந்தது. மேசை ஓரளவு மறைப்புத் தருகிறது, ஆனால் ஆளைத் தடுப்பதில்லை. அதற்கும் முன்பே, 1953இல், ஏ. ஜி. ஒயிட் என்ற இதயநோய் மருத்துவர் தன் அறையில் மேசையை வைத்தும் எடுத்தும் பார்த்திருந்தார். மேசை இருந்தபோது பத்தில் ஒருவர்தான் இலகுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எடுத்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி உட்கார்ந்தனர்.

நம் ஸ்டூலில் கோணம் சரி, மற்றதெல்லாம் பிசகு. சாய்மானமில்லாத இருக்கையில் ஒருவர் ஐந்து நிமிடம் இருக்கலாம். நாற்பது நிமிடம் அழுதுகொண்டு இருக்க முடியாது. அடுத்த சீட்டுக்காரர் ஏற்கெனவே பச்சைத் திரையை விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மன சிகிச்சையின் வரலாற்றிலும் இருக்கையை முடிவு செய்தவர் பெரும்பாலும் சிகிச்சை தருபவரே. வியன்னாவில் ஃபிராய்டின் அறையிலிருந்த புகழ்பெற்ற சாய்விருக்கை, நன்றியுள்ள ஒரு நோயாளி 1890 வாக்கில் கொடுத்த பரிசு. நோயாளி அதில் படுத்துக்கொள்ள, ஃபிராய்டு தலைமாட்டில், அவர் பார்வைக்கு வெளியே உட்கார்ந்தார். இதற்குக் கோட்பாட்டுக் காரணங்கள் உண்டு. ஆனால் 1913இல் எழுதிய கட்டுரையில், நாள் முழுவதும் மணிக்கணக்காகப் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் வேறு வழி கண்டார். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உற்றுப் பார்க்கப்படுவது பெரும் சங்கடம் என்பதை உணர்ந்து, அவர்களுக்கு 90 பாகைக் கோணத்தில் உட்கார்ந்து பேசினார். பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம், வேண்டாமென்றால் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பேசலாம். இருக்கையை மாற்றியதற்கு நோயாளியின் கூச்சம் காரணமாக இருந்தது இங்கேதான்.

பிறகு வந்த பயிற்சி நூல்கள் இந்த நுட்பத்தைத் தவறவிட்டன. ஜெரார்டு ஈகன் 1975இல் எழுதிய கையேட்டிலிருந்து பரவிய விதி நம் கவுன்சலிங் வகுப்புகளிலும் இன்றுவரை கற்பிக்கப்படுகிறது: வருபவருக்கு நேராக உட்காருங்கள், திறந்த உடல்மொழியோடு இருங்கள், சற்று முன்னால் சாயுங்கள், கண்ணைப் பாருங்கள், இலகுவாக இருங்கள். ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவருக்கு இது அக்கறையாகப் படலாம். கணவனின் அண்ணன் முன்னால்கூட உட்காராமல் வளர்ந்த ஒரு பெண்ணை, முப்பது வயது ஆண் கவுன்சலர் ஒருவர் நேராகப் பார்த்து, முன்னால் சாய்ந்து, கண்ணை எடுக்காமல் கேட்டால் அவர் என்ன செய்வார்? முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். அதை 'ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துவைத்த கோப்பு ஒன்றல்ல, பல இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதை ஆழமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உட்காருதல் ஒருநாளும் வெறும் உட்காருதலாக இருந்ததில்லை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும், யார் டீக்கடை பெஞ்சில் அமரலாம், யார் வெளியே குத்துக்காலிட்டுக் குடிக்க வேண்டும் என்பதை எல்லாம் சாதி முடிவு செய்த ஊர்கள் இவை. தனிக் குவளையும் தனிப் பெஞ்சும் எங்கெங்கே என்று கணக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்த நிலம் இது. பண்ணையார் முன்னாலும் தாசில்தார் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று மருத்துவமனைக்கு வருகிறார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பெரியவர் நாற்காலியைக் காட்டியதும் அதன் விளிம்பில் பாதி உடலை மட்டும் வைத்து உட்காருவார். இல்லையென்றால், 'இருக்கட்டுங்க சார்' என்று நிலைப்படி அருகே நின்றுகொள்வார். பாடப்புத்தகம் விளிம்பில் உட்காருவதைப் பதற்றத்தின் அறிகுறி என்கிறது. அவர் பதற்றத்தில் இல்லை. அதிகாரி முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் உடம்பு கற்றதை அவர் செய்கிறார். இந்த வித்தியாசம் தெரியாத கவுன்சலர் அவரைத் தவறாகவே படிப்பார்.

எனவே ஒருவர் தேர்ந்தெடுக்கும் இடத்தை வைத்து அவர் மனதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லும் கட்டுரைகள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. கதவருகே உட்காருபவர் தப்பிக்க நினைக்கிறார், தூரத்தில் உட்காருபவர் நெருக்கத்துக்கு அஞ்சுகிறார் என்று எழுதிவிடுவது சுலபம். கதவருகே இருப்பவருக்கு மலைக்குத் திரும்பும் பேருந்து நேரம் கவலையாக இருக்கலாம். வராந்தாவில் விட்டுவந்த குழந்தை கண்ணில் பட வேண்டியிருக்கலாம். மின்விசிறி அங்கேதான் ஓடுகிறது என்பதாகவும் இருக்கலாம். காது சரியாகக் கேட்காதவர் நெருங்கி உட்காருவார். சில காரணங்கள் கனமானவை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுவதும் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், சித்திரவதைக்கு உள்ளானவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். விசாரணை அறையைக் கண்டுவந்த ஒருவருக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் மனிதர் எவரும் விசாரணை அதிகாரியாகவே தெரிவார். முதுகுக்குப் பின்னால் சுவரும், கண்ணுக்கு முன்னால் கதவும் இருந்தால்தான் அவரால் மூச்சுவிட முடியும். நம் ஊரில் காவல் நிலையத்துக்கு ஒருமுறை போய்வந்தவர்களுக்கும் இது பொருந்தும். காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. 'இந்த இடம் வசதியா இருக்கா?' என்று கேட்டால் வருபவரே சொல்லிவிடுவார்.

கேட்க முடியாதபடி நாற்காலியை வேறொருவர் பிடித்துக்கொள்ளும் நிலையும் உண்டு. இங்கே பெரும்பாலும் யாரும் தனியாக மனநல மருத்துவரிடம் வருவதில்லை. கணவன், மாமியார், அண்ணன், சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர் என ஒரு குடும்பமே உள்ளே வரும். இருப்பது ஒரே ஸ்டூல். அதில் பெரும்பாலும் குடும்பத்தில் மூத்த ஆண் உட்கார்ந்து, நோயாளியின் கதையை அவரே சொல்லத் தொடங்குவார். யாருக்காக வந்தார்களோ அந்தப் பெண் பின்னால் சுவரோரம் நிற்பார். குடும்பத்தை வெளியே அனுப்புவதுதான் இதற்குத் தீர்வு என்று சொல்லமாட்டேன். இந்திய மனநல மருத்துவம் உலகுக்குத் தந்த சிறந்த யோசனைகளில் ஒன்று குடும்பத்தை உள்ளே அழைத்ததுதான். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களை நோயாளியோடு தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநலப் பிரிவு, உறவினர் உடனிருப்பதையே சிகிச்சை முறையின் அடிப்படையாக்கியது. இதற்கு மாறாக, நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்த காப்பகங்கள் என்ன ஆயின என்பதை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் எரிந்த கொட்டகை நமக்குச் சொல்லியது. 28 உயிர்கள் போயின. குடும்பம் இருக்கட்டும். ஆனால் அறையில் நாற்காலிகள் போதுமான அளவு இருக்க வேண்டும், ஆலோசகருக்கு அருகிலுள்ள இருக்கை யாருக்காக வந்திருக்கிறார்களோ அவருக்குப் போக வேண்டும். 'அம்மா, நீங்க இங்க வாங்க. ஐயா, நீங்க இப்படி உக்காருங்க' என்று கவுன்சலர் இடம் சொல்வது அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பெரிய மாற்றம். சிறிது நேரம் கழித்துக் குடும்பத்தாரை வராந்தாவில் காத்திருக்கச் சொல்வதும் அதன்பின் எளிதாகிறது.

நாமக்கல் மாவட்டத்துக்கு ஆலோசனை அறை விஷயத்தில் தனியான அனுபவம் உண்டு. லாரித் தொழிலின் தலைநகரங்களில் ஒன்றான இந்த மாவட்டம், 2000களின் தொடக்கத்தில் எச்ஐவி பரவல் அதிகமாகக் காணப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. தமிழ்நாடெங்கும் மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப்பலகையோடு பரிசோதனை, ஆலோசனை அறைகள் திறக்கப்பட்டன. கவுன்சலர் என்ற வேலையில் இருக்கும் ஒருவரைச் சாதாரண மக்கள் முதன்முதலாகப் பார்த்தது பெரும்பாலும் அங்கேதான் என்று சொல்லலாம். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது, இருப்பவர் வெளியே தெரியக் கூடாது என்பது அந்த அறைகளுக்கான விதி. மனநல ஆலோசனைக்கு இத்தனை கறாரான கவனம் அரசு மருத்துவமனைகளில் அதற்கு முன் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அறைக்குள் மறைப்புக் கிடைத்தாலும், அறைக்குப் போகும் வழி எல்லோர் கண்ணிலும் பட்டது. பெயர்ப்பலகையின் கீழே பெஞ்சில் காத்திருப்பவரை அந்த வழியாகப் போகும் ஊர்க்காரர் பார்த்துவிடுவார். காளப்பநாயக்கன்பட்டி போன்ற பேரூர்களில் யார் எந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். மனநோய்க்கு 'நரம்பு டாக்டரைப் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் நாம். ஆலோசகர் முன்னாலுள்ள இருக்கையைவிட வெளியே காத்திருக்கும் இருக்கையே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. மருத்துவமனையின் கோடியில், மனநலம் என்று தனிப் பலகை தொங்கும் அறையைவிட, பொது வெளிநோயாளர் வரிசையில் பத்தோடு பதினொன்றாகக் காத்திருந்து உள்ளே திரும்பும் அறை பலருக்கு நிம்மதி.

லாரி ஓட்டுநர்கள் இன்னொன்றையும் நினைவூட்டுகிறார்கள். ஓட்டுநரும் கிளீனரும் மணிக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் சாலையைப் பார்த்தபடி, வீட்டுக் கஷ்டம் முழுவதையும் பேசிவிடுவார்கள். அதே ஆளை ஒரு நாற்காலியில் எதிரே உட்கார வைத்து 'என்ன பிரச்சினை?' என்றால், 'ஒன்னுமில்லீங்க' என்பார். பார்வை வேறெங்கோ இருக்கும்போது வாய் திறக்கிறது. நம் வீடுகளின் திண்ணைப் பேச்சும் இப்படித்தான் நடந்தது. இருவர் கண்ணும் தெருவில் இருக்கும்.

இதைச் சிகிச்சையாகவே வடிவமைத்த நாடு ஜிம்பாப்வே. 2006இல் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்கு அறையும் கிடைக்கவில்லை, பணியாளர்களும் கிடைக்கவில்லை. அவர் சுகாதார நிலைய வளாகத்தில் மரபெஞ்சுகளைப் போட்டு, ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து அதில் உட்கார வைத்தார். 'நட்பு பெஞ்ச்' என்று அது பெயர் பெற்றது. ஒரே பெஞ்சு என்பதால் இருவரும் ஒரே உயரத்தில், பக்கவாட்டில் இருக்கிறார்கள். எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை வருபவர் முடிவு செய்கிறார். 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. பயிற்சியும் பேச்சு முறையும் அந்தப் பலனுக்கு முதல் காரணம். பெஞ்சு மட்டும் குணப்படுத்தவில்லை. ஆனாலும் பெஞ்சு இல்லாமல் அந்தப் பாட்டியும் அவரிடம் வந்தவரும் அப்படிப் பேசியிருப்பார்களா என்று கேட்கத்தான் வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவருவதில் சிக்கலும் உண்டு. மரத்தடி பெஞ்சில் அழுதால் ஊரே பார்க்கும். பக்கவாட்டில் உட்காருவதை அறைக்குள்ளும் செய்யலாம்.

தமிழ்நாட்டில் நடந்த மிக வித்தியாசமான முயற்சி ஒன்று பேருந்துக்குள் நடந்தது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. நோயாளி உள்ளே திரைக்கு முன்னால் உட்கார, மருத்துவர் சென்னையிலிருந்து பேசினார். மருத்துவர் எங்கோ இருக்கிறார், பேருந்து தன் ஊரில் நிற்கிறது. அதிகாரியின் அறைக்கு நடுங்கிக்கொண்டு நுழைய வேண்டிய அவசியம் அங்கே குறைந்தது. கொல்லிமலை ஊர்களுக்கும் இப்படியொன்று போகுமானால், 70 வளைவுகளையும் நோயாளி இறங்க வேண்டியதில்லை.

2022 அக்டோபரில் 14416 என்ற இலவசத் தொலைபேசி மனநல சேவை வந்தபோது இருக்கையின் பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. உட்காரும் இடத்தை முடிவு செய்யும் உரிமை முழுவதும் அழைப்பவர் கைக்குப் போனது. மொட்டை மாடி, மரவள்ளித் தோட்டத்து வரப்பு, நிறுத்திய வண்டி, கதவைத் தாழிட்ட குளியலறை என்று அவரவர் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த இடங்களின் பட்டியலைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மூன்று பேர் தூங்கும் ஒரே அறை வீட்டில், செல்போனும் கணவனுடையது என்றால், ஒரு பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்க இடமே இல்லை. ஆலோசகர் மறுமுனையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இப்ப எங்க இருந்து பேசறீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?' என்பதே. அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனை அறையே தேவலாம். அங்கே வர ஒரு சாக்கு இருக்கிறது, கதவும் இருக்கிறது.

2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலையிலிருந்து வருபவருக்கு முன்பைவிடப் பெரிய மருத்துவமனை கிடைத்திருக்கிறது. புதிய கட்டடங்களில் மனநலத்துக்கென ஒதுக்கும் அறைகளுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: சாய்மானமுள்ள, ஒரே உயரமுள்ள நாலைந்து நாற்காலிகள், சுவரோடு ஆணி அடிக்காமல் நகர்த்தக்கூடியவையாக. தரையில் உட்கார விரும்புபவருக்குச் சுத்தமான ஒரு பாய், கவுன்சலரும் கீழே உட்கார மனமுள்ளவராக. மேசையைச் சுவரோரமாகத் தள்ளி, எழுத வேண்டியபோது மட்டும் அதற்குத் திரும்புவது. வருபவருக்கும் கவுன்சலருக்கும் கதவுக்குப் போகும் வழி ஒருவரால் ஒருவருக்கு அடைபடாமல் இருப்பது. உள்ளிருந்து சாத்தக்கூடிய கதவு. இவற்றில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு வேண்டாம். வேண்டியிருப்பது கவுன்சலர் பயிற்சியில் ஒரு மதியம்: பயிற்சிக்கு வந்தவர்களே மாறி மாறி அந்த ஸ்டூலிலும், நாற்காலியிலும், பாயிலும் உட்கார்ந்து, தங்கள் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எந்த இடத்திலிருந்து சொல்ல முடிகிறது என்று பார்க்க வேண்டும்.